கையால் போட்ட பில்டு ஐடி

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். வேலையில் கெட்டிக்காரி. யாரிடமும் கை நீட்டி நின்றதில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டாள். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவள். நாலும் ஆயிற்று. இனி மரியாதையாக "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால் "அவள்" என்றே எழுதப் போகிறேன். நேரில் இன்றைக்கும் "அக்கா, நீங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தக் கொடுமையையும் நான்தானே அனுபவிக்கிறேன்.

அவள் மாடியில், நாங்கள் கீழே. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். சமையல் மட்டும் மாடியில், மூன்று பேருக்கும் சேர்த்து. லிஃப்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. இரும்புக் கூண்டையும் கயிற்றையும் ஒரு கூட்டம் செய்யும். எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று லிஃப்டுக்குச் சொல்லிக்கொடுக்கிற புரோகிராமை இன்னொரு கூட்டம் எழுதும். அந்த இரண்டாவது கூட்டத்தில் அவளும் இருந்தாள், அவள் சிபாரிசில் உள்ளே போன என் வீட்டுக்காரரும் இருந்தார். இவர் எழுதுகிறவர். அவள் எழுதுகிறவள் இல்லை, கட்டுகிறவள். ஆபீஸில் அவளுக்குப் பெயரே "பில்டு மேடம்".

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கும் இந்த பில்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் அந்த நோயின் வாயில் நுழையாத பெயரைக்கூட எல்லாரும் கற்றுக்கொண்டு விடுகிறோம் இல்லையா, அப்படிக் கற்றுக்கொண்டேன். மனிதர்கள் எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கட்டுவதுதான் பில்டு. கட்டும்போது, எந்த இடம் யார் எழுதிய எந்த வரி என்கிற விவரத்தையெல்லாம் தனி ஃபைலாகப் பிரித்து ஆபீஸிலேயே வைத்துக்கொள்வார்கள். லிஃப்டுக்குள் இருக்கிற சின்ன கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் வேண்டாத சுமை. லிஃப்ட் எங்கேயாவது மக்கர் பண்ணி, புரோகிராம் பாதியில் செத்துப் போனால், சாகும்போது அதன் மண்டைக்குள் இருந்ததை அப்படியே கக்கிவிட்டுப் போகும். கக்கியதில் வெறும் எண்கள்தான் இருக்கும். ஆபீஸில் வைத்திருக்கும் அந்த ஃபைலோடு சேர்த்துப் பார்த்தால்தான், இன்னாருடைய இந்த வரியில் செத்தது என்று தெரியவரும்.

எத்தனையோ ஃபைல்கள் இருக்கும்போது சரியான ஃபைலை எப்படி எடுப்பது? அதற்குத்தான் பில்டு ஐடி. கட்டுகிறபோதே, உள்ளே இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு நீளமான எண் வரும். லிஃப்டுக்குள் போகிற புரோகிராமிலும் அது இருக்கும், ஆபீஸில் தங்குகிற ஃபைலிலும் அதே எண் இருக்கும். ஓர் எழுத்தை மாற்றிக் கட்டினாலும் எண் மாறிவிடும். என் வேலையில் ட்யூபில் ஒட்டுகிற லேபிள் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். என் நாத்தனாருக்கு அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகமே மாறும். "ஐடி பொருந்திச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது," என்பாள். அவள் தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்.

ஒரு ஆஸ்பத்திரியில் இவர்கள் போட்ட லிஃப்ட், கதவு திறந்திருக்கும்போதே மேலே கிளம்பிவிட்டது. புரோகிராம் நடுவில் செத்து, தானாக மறுபடி எழுந்தபோது கதவு மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டதாம். அழுக்குத் துணி வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த வார்டு ஆயாவின் வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

லிஃப்ட் கக்கியதை ஆபீஸுக்குக் கொண்டு வந்தார்கள். கம்பெனி டைரக்டர் எல்லாரையும் பெரிய அறையில் உட்கார வைத்தார். என் நாத்தனார்தான் தன் லேப்டாப்பைத் திரையில் மாட்டிக் காட்டினாள். எண்களை உள்ளே போட்டாள். ஐடியைப் பார்த்து அதுவே ஃபைலை எடுத்தது. திரையில் ஒரு வரி வந்தது. கதவு மூடிய பிறகு, லிஃப்டுக்குள் எவ்வளவு எடை ஏறியிருக்கிறது என்று பார்க்கிற இடம் அது. எழுதியவர் என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா அந்த வரியின் எண்ணை வாயால் வாசித்தாள். யாரோ, "நிச்சயமா மேடம்?" என்று கேட்டார்களாம். "ஐடி பொருந்துது," என்றாளாம். இவர் எழுந்து நின்று, "ஆமாங்க, என் வரிதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனதற்கு நான் அழவில்லை. வேலை போகும், வரும். இவர் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. ஒரு குடோனில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலைக்குப் போனார். லிஃப்டில் ஏறுவதில்லை, எத்தனை மாடியானாலும் படியில்தான். சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார், உள்ளே போகாது. ஒரு பொம்பளையின் காலை நான் எடுத்துவிட்டேன் என்பது அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை. நான் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். அவர் நெஞ்சிலிருந்து அந்தக் கால் இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையானால் ஆயா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஒற்றை அறை, கயிற்றில் தொங்கும் துணி, மூலையில் நடக்க உதவும் இரும்புச் சட்டம். முதல் தடவை ஆயா இவர் முகத்தில் காறித் துப்பினாள். இரண்டாவது தடவை கதவைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் பழகிவிட்டது. தண்ணீர் பிடித்து வைப்பார், பாத்ரூம் கழுவுவார், கட்டுப் பிரித்த புண்ணுக்கு மருந்து வாங்கி வருவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தால் ஆயா இவரைக் காட்டி, "இவன்தான், என் கால எடுத்தவன்," என்று அறிமுகம் செய்து வைப்பாள். இவர் வாளியோடு தலையைக் குனிந்து நிற்பார்.

"அப்படிச் சொல்றாளே, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன்.

"உண்மையத்தான சொல்றாங்க," என்றார்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த ஆயாவின் மீதுகூட எரிந்தது. கால் போனவள் மீது வயிற்றெரிச்சல் படுகிற அளவுக்கு நான் கெட்டுப் போயிருந்தேன். மாடியில் என் நாத்தனார் ஒவ்வொரு ஞாயிறும் தம்பி ஆயா வீட்டுக்கு எடுத்துப் போகப் பழத்தைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுப்பாள். அவளுக்கு அப்போது ஆபீஸில் கண்ணாடி போட்ட தனி அறை கிடைத்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த வரியில என்ன தப்புன்னு எனக்கு இன்னும் பிடிபடல. மனசுக்குள்ளயே எத்தனையோ தடவை படிச்சுப் பாத்துட்டேன். கதவு தெறந்திருக்கும்போது அந்த வரி ஓடவே ஓடாது. ஆனா அதுலதான் செத்துருக்கு. தப்பு எதுன்னே தெரியாம ஒரு தப்பப் பண்ணிருக்கேன் பாரு, அதான் பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கூடத்தில் ஒருமுறை, ரிட்டையர் ஆன ஒரு பெரியவருக்குக் கர்ப்பம் என்று ரிசல்ட் வந்தது. யாரும் அவருக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. நடக்கவே முடியாத ஒன்று ரிசல்டில் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது ட்யூபில் ஒட்டிய லேபிளை. வேறு யார் ரத்தத்துக்கோ அந்தப் பெரியவரின் லேபிள் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. இதில் பெரிய மூளை ஒன்றும் இல்லை, எங்கள் கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவளுக்கும் தோன்றும்.

அந்த ஞாயிறு இவர் ஆயா வீட்டுக்குப் போன பிறகு மாடிக்குப் போனேன். மத்தியான வெயில் சமையலறை மேடைமீது விழுந்துகொண்டிருந்தது. நாத்தனார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாத் துண்டும் ஒரே அளவு.

"அக்கா, ஒரே ஐடி ரெண்டு பில்டுக்கு வருமா?"

"வராது."

"வந்தா?"

"யாராவது கையால போட்டாத்தான் வரும்." கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

"யார் போட்டா?"

"நான்தான்."

பொய் சொல்வாள், மழுப்புவாள், சத்தம் போடுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் ஏதோ காய் விலை சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். லிஃப்ட் புரோகிராமை அரசாங்கத்து ஆட்கள் சோதித்து, இந்த ஐடி உள்ள பில்டு சரி என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கதவு மூட நேரமாகிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். டைரக்டரின் மச்சான் அவசர அவசரமாகக் கதவுப் பகுதியை மாற்றி எழுதினான். மாற்றிக் கட்டினால் ஐடி மாறும். ஐடி மாறினால் சான்றிதழ் செல்லாது, மறுபடி சோதனைக்கு மாதக்கணக்கில் நிற்க வேண்டும். ஐடி மாறக் கூடாது என்று டைரக்டர் சொன்னார். கணக்குப் போட்டு வருகிற எண்ணுக்குப் பதிலாக, இதுதான் ஐடி என்று நாமே கொடுக்கவும் ஒரு வழி உண்டாம். இவள் பழைய ஐடியையே கொடுத்துக் கட்டினாள்.

"அப்ப அந்தப் புது பில்டோட ஃபைலு?"

"ஃபைல் வைக்கிற இடத்துக்கு அனுப்பினா, இந்த ஐடி ஏற்கெனவே இருக்குன்னு அது எடுத்துக்கல. பழைய ஃபைல்தான் அங்க இருந்துச்சு. புது பில்டோட எண்ணெல்லாம் பழைய ஃபைல்ல போய் விழுந்துச்சு. விழுந்த எடம் தம்பி வரி."

"அப்படின்னா செத்தது எந்த வரியில?"

"கதவுல. மச்சான் எழுதினதுல."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மீட்டிங்குக்கு முன்னாடியே. புது ஃபைல் ஒண்ணு என்கிட்ட தனியா இருந்துச்சு, போட்டுப் பாத்தேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்தே அந்த அறையில் நின்று, தம்பி முகத்துக்கு நேரே அந்த வரியை வாசித்திருக்கிறாள். "எப்படி அக்கா மனசு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அவன் பண்ணதுன்னா அது வெறும் பிழை, வேலையோட போயிரும். நான் பண்ணது வெளிய வந்தா ஜெயிலு. வீட்ல ஒருத்தருக்கு அடி விழணும்னா சின்ன அடியா விழட்டுமே. வேற யார் வரியில விழுந்திருந்தாலும் நான் இதத்தான் பண்ணிருப்பேன். இவன் வரியில வந்து விழுந்துச்சு பாரு, அது என் தலையெழுத்து." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னை நினைத்துத்தான் அழுதாள், எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அந்தப் புது ஃபைல் எங்க?"

"அழிச்சாச்சு. லிஃப்டுக்குள்ளயும் வேற பில்டு ஏத்தியாச்சு."

"நான் அவர்கிட்ட சொல்லிருவேன்."

"சொல்லேன்," என்றாள். நறுக்கியதைச் சட்டியில் தள்ளினாள். "சொன்னா அவன் நேரா என்கிட்டதான் வந்து கேப்பான்."

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கோபத்தில் புரியவில்லை. கீழே வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். இவர் பொழுது சாயும்போது வந்தார், கையெல்லாம் ஃபினாயில் வாடை. கை கழுவக்கூட விடாமல் அவ்வளவையும் கொட்டினேன்.

முதலில் முறைத்தார். பிறகு வேலை தெரிந்தவர் கேட்கிற கேள்விகளாகக் கேட்க ஆரம்பித்தார். ஐடியைக் கையால் கொடுத்தாளா, ஃபைல் வைக்கிற இடம் எடுத்துக்கொள்ளவில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "முடியும். கையால குடுக்க முடியும்," என்று தனக்குத்தானே சொன்னார். "கதவு... அதான் கதவு தெறந்திருக்கும்போது... அதான் எனக்குப் பிடிபடவே இல்ல." தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. நான் அந்த முகத்தைப் பார்த்து மயங்கிப் போய் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"இரு, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்," என்றார்.

"வேண்டாம். அவங்க இல்லன்னுதான் சொல்லுவாங்க."

"என்கிட்டயா?" என்றார். படிகளைத் தாவித் தாவி ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மூன்று தட்டும் வைத்திருந்தாள். இவர் நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடிக்கும்வரை அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உக்காரு," என்று தம்பிக்குப் பரிமாறினாள்.

"பில்டுன்னா என்னன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது யாருடா?"

"நீதான்."

"நான் கையால ஐடி போடுவேனா?"

நான் கத்தினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னீர்களே, சுவரைப் பிடித்துக்கொண்டு இங்கேதானே நின்றேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்த நானே பொய்க்காரி மாதிரி ஆகிக்கொண்டிருந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"பாவம், அவளும்தான் எத்தனை நாளைக்குத் தாங்குவா? புருஷன் மேல தப்பு இல்லைன்னு ஆயிட்டா நல்லாருக்கும்னு யாருக்கும் தோணும்," என்றாள் அவரிடம். "ஆனா அந்த அம்மாவோட கால் போனது போனதுதானடா. அதுக்கு ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கிட்டு நிக்கணும்ல. நீ நிக்கிற. எனக்கு உன்ன நெனச்சா பெருமையா இருக்கு."

இவர் முகம் என் கண் முன்னாலேயே மூடிக்கொண்டது. தான் ஒரு காலை எடுத்ததாக நம்பி வாழ அவரால் முடியும். தன் அக்கா தெரிந்தே தன்னைப் பிடித்துக் கொடுத்தாள் என்று நம்பி வாழ முடியாது. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார். மற்றதோடு என்னையும் சேர்த்துத்தான் விட்டார்.

"அக்கா மேல போய் இப்படி ஒரு பழியப் போட உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றார். "மன்னிப்புக் கேளு."

நான் அசையவில்லை. இவர் தட்டைத் தள்ளி வைத்தார். கன்னம் ஒட்டிப் போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, பார்க்கச் சகிக்காமல் இருந்தார். நான் பிடிவாதமாக நின்றால் அன்றைக்கும் பட்டினி கிடப்பார், அதையும் ஒரு குற்றமாகச் சுமப்பார் என்று தெரியும். அவளுக்கும் தெரியும்.

"மன்னிச்சிருங்க அக்கா," என்றேன்.

"பரவால்லம்மா. உக்காரு, நீயும் சாப்பிடு," என்றாள். இவர் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு, மனசு சுத்தமாகும் என்று சொல்லி என்னையும் ஆயா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இவர் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனதும் நான் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இல்லை, அவர் எழுதிய வரி இல்லை, கதவை வேறொருத்தன் எழுதினான், அதை மறைத்தவள் இன்னொருத்தி என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உங்க கால இவர் எடுக்கல என்று இவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

ஆயா பொறுமையாகக் கேட்டாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

"யார் எழுதினா எனக்கென்னம்மா?" என்றாள். "அவங்க யாராவது இங்க வரப் போறாங்களா? வர்றது இவன் ஒருத்தன்தான். இவன்தான் எடுத்தான், அப்படியே இருக்கட்டும்."

பிறகு பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க தண்ணி நிக்குது பாரு. தள்ளி விட்டுரு, வழுக்கிரப் போகுது."

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன்.